நாற்பதுக்கு நாலு

தீவிலேயே மகிழ்ச்சி குறைந்த பிள்ளை தன் வீட்டில்தான் வளர்கிறது என்ற செய்தி வந்து சேர்ந்தபோது வையோலா கோக்கோக் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். பாதி வறுவலில் கையை எடுக்க முடியாத வேலை அது. தகரத்தில் கொட்டை வெடிக்கத் தொடங்கிவிட்டால், பெற்ற தாயே செத்துவிட்டாள் என்று யாராவது வந்து சொன்னாலும் துடுப்பை நாலு தரம் கிண்டிவிட்டுத்தான் அழ முடியும்.

செய்தியைக் கொண்டுவந்தவள் நாத்தனார் ஃபாலுவா. ஊர் மாதர் சங்கத் தலைவி. பனையோலை விசிறியும் பெரிய உடம்புமாக அவள் சமையல் கொட்டகைக்குள் நுழைந்தால் கொட்டகை பாதியாகிவிடும்.

“அந்தத் தகரத்தை இறக்கி வையி. உம் மக சேதி தெரியுமா?”

“என்ன மதினி, எங்கயும் விழுந்துட்டாளா?”

“விழுந்தாத்தான் தேவலையே. கட்டுப் போட்டுக்கிடலாம். அவ சந்தோசமா இல்லையாம்.”

வையோலா துடுப்பை நிறுத்தாமல், யார் சந்தோஷமாக இல்லை என்று கேட்டாள். மசினாதான் என்றாள் ஃபாலுவா. அரசாங்கமே சொல்லிவிட்டதாம். நாற்பது கேள்வி கேட்டதில் நாலு மார்க். சவாயித் தீவில் இதைவிடக் கீழே யாரும் இல்லை. சங்கத்துக் கூட்டத்தில் பாய் முடைந்துகொண்டிருந்த பதினெட்டுப் பொம்பிளைகளும் ஒரே நேரத்தில் கையை நிறுத்தினார்களாம்.

“என் தம்பி மவ, சந்தோசத்துல பெயிலு. இந்த வயசுக்கு இப்படி ஒரு பெயிலை நான் கேள்விப்பட்டதே இல்ல,” என்றாள் ஃபாலுவா.

கொட்டை கருகிவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்பு கல்வி இலாகா ஒரு தாள் அனுப்பியிருந்தது. மாணவர் மகிழ்ச்சியை அளக்க மெல்போர்னில் தயாரித்த தாள். தலைமையாசிரியர் செமிசிக்கு அதைப் பார்த்ததுமே வெற்றி நிச்சயம் என்று தெரிந்துவிட்டது. பிரிஸ்பேனில் ஆறு வாரப் பயிற்சி முடித்து வந்தவர் அவர். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். உட்கார்ந்தால் அது சரியாக அவர் தலைக்கு மேலே ஒளிவட்டம் மாதிரி வரும். ‘தீவிலேயே மகிழ்ச்சியான பள்ளி’ என்று துணியில் எழுதச் சொல்லி, சாயம் காய்வதற்குள் வாசலில் கட்டியும் விட்டார். பிறகுதான் தேர்வு. பிள்ளைகள் எழுதும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெஞ்சாக நின்று, ஒவ்வொரு தாளாகக் குனிந்து பார்த்தார். ஆசிரியர்களுக்கான தாளில் அவர் தமக்குப் போட்டுக்கொண்டது நாற்பதுக்கு நாற்பது.

பள்ளி கடைசியாக வந்தது. வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் மசினா கடைசிக்கும் கடைசியாக வந்தாள். துணியை அவிழ்த்தார்கள். சாயம் நல்ல சாயம், அதனால் அந்தத் துணி இப்போது சத்துணவுக் கூடத்து மேசையில் விரிப்பாகக் கிடக்கிறது. மகிழ்ச்சி என்ற எழுத்தின் மேல் சாப்பாட்டுப் பானை வைக்கிறார்கள்.

அன்று மாலை செமிசியே வீட்டுக்கு வந்தார். கழுத்தில் டை, இடுப்பில் பை வைத்த சாம்பல் நிற வேட்டி, கக்கத்தில் கோப்பு. வையோலாவின் வீட்டுக்குச் சுவர் கிடையாது. அந்த ஊரில் யார் வீட்டுக்கும் பெரும்பாலும் கிடையாது. தூண்களும் கூரையும் பாயும்தான். ஆகவே அவர் வையோலாவிடம் ரகசியமாகப் பேசியதை இரண்டு பக்கமும் மூன்று வீட்டுக்காரர்கள் அமைதியாக உட்கார்ந்து கேட்டார்கள்.

மகிழ்ச்சி என்பது ஒரு தேசத்தின் மூலதனம் என்று தொடங்கினார். அங்கேயிருந்து தன்மதிப்புக்குப் போய், மனித ஆளுமையைச் சுற்றி, பிரிஸ்பேன் வழியாக வீடு திரும்ப முக்கால் மணி நேரமானது. சாராம்சம் இதுதான். அடுத்த வியாழக்கிழமை, கடல் தாண்டித் தலைநகர் ஆப்பியாவிலிருந்து டாக்டர் தெரேசியா வருகிறார். மகிழ்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வீட்டைப் பார்ப்பார், பிள்ளையிடம் பேசுவார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் மசினாவைக் கையோடு ஆப்பியாவிலுள்ள மலர்ச்சி இல்லத்துக்குக் கூட்டிப்போய்விடுவார். ஆறு மாதம்.

“ஆறு மாசமா?” என்றான் மசினாவின் அப்பா இசாக்கோ. பஸ் ஓட்டுகிறவன். அதிகம் பேசாதவன். ஊரைத் துறைமுகத்தோடு இணைக்கும் மரக்கூண்டு பஸ் அவனுடையது.

“குறைந்தபட்சம்,” என்றார் செமிசி.

மசினா தலையைக் குனிந்தபடி அவருக்குக் கோக்கோ கொண்டுவந்து வைத்தாள். பதினாறு வயது. வையோலாவுக்கு மூத்த பிள்ளைகள் இரண்டு. ஒருத்தன் ஆக்லாந்தில் பெட்டி ஏற்றுகிறான், ஒருத்தி சிட்னியில் முதியோரைக் குளிப்பாட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வருவார்கள். அவர்கள் பாய்கள் இரண்டும் சுருட்டிக் கூரைக் கம்பில் செருகியிருக்கின்றன. கீழே விரித்திருப்பது மசினாவின் பாய் ஒன்றுதான். வையோலா அண்ணாந்து கூரைக் கம்பைப் பார்த்தாள். மூன்றாவதுக்கும் இடமிருந்தது.

செமிசி போகும்போது மருந்தும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளை தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று தன்னைப் பற்றி ஐந்து நல்ல விஷயம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டு வேலை எதுவும் கொடுக்கக் கூடாது. திட்டக் கூடாது.

அவர் தலை மறைந்ததும் வையோலா தாளை விரித்தாள். மசினாவின் குண்டுக் கையெழுத்து. நான் கெட்டிக்காரி: இல்லை. நான் ஒரு விஷயத்திலாவது மற்றவர்களைவிடச் சிறந்தவள்: இல்லை. என் தோற்றம் எனக்குப் பிடிக்கும்: இல்லை. எனக்கென்று தனியாக ஓர் இடம் இருக்கிறது: இல்லை. சென்ற மாதம் அழுதேன்: ஆம். ஆம் என்று எழுதிப் புள்ளி வாங்கியவை நாலே நாலு. பள்ளிக்கு வரப் பிடிக்கும், நன்றாகத் தூக்கம் வரும், பசிக்கும், நண்பர்கள் இருக்கிறார்கள். வையோலா அதை மூன்று தரம் வாசித்தாள். தோற்றம் பிடிக்காது என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. எல்லோரும் மசினாவுக்கு அம்மாவின் முகம் என்றுதான் சொல்வார்கள்.

கேட்டிருக்கலாம். ஆனால் நீ சந்தோஷமாக இருக்கிறாயா என்று பெற்ற பிள்ளையிடம் கேட்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளிடம் யாரும் கேட்டதில்லை.

மறுநாளே வைத்தியம் தொடங்கியது. கண்ணாடிக்கு இசாக்கோ பழைய பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து முன் தூணில் கம்பி போட்டுக் கட்டினான். அது உருண்டை முகத்தை இன்னும் உருண்டையாகக் காட்டும். பின்னால் உள்ள ரோட்டை முழுசாகக் காட்டும். மசினா அதன் முன்னால் நின்றாள். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் பையோடு வேலியோரம் நின்றன. எதிர் வீட்டில் ஈரப்பலா சுட்டுக்கொண்டிருந்தவர்கள் சுடுவதை நிறுத்தினார்கள்.

“அம்மா நல்லா கோக்கோ வறுப்பா,” என்றாள் மசினா மெதுவாக. “அப்பா நிதானமா வண்டி ஓட்டுவாரு. அத்தை சங்கத்தை நல்லா நடத்துதா.”

“ஒன்னப் பத்திச் சொல்லுட்டி,” என்றான் இசாக்கோ.

மசினா கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், “எண்ணெய் லாரி வருதுப்பா. ஒங்க வண்டி ரோட்டுல நிக்கி,” என்றாள்.

இசாக்கோ ஓடினான். அந்த வாரம் முழுக்க அந்தக் கண்ணாடியால் விளைந்த நன்மை அது ஒன்றுதான்.

வையோலா எல்லா வேலையையும் தானே எடுத்துக்கொண்டாள். தேங்காய் துருவினாள், சேப்பங்கிழங்கின் தோலைச் சிரட்டையால் சுரண்டினாள், பன்றிக்குத் தண்ணீர் காட்டினாள், சூட்டோடு சூடாகக் கோக்கோ இடித்தாள். விருந்தாளிக்கு எடுக்கும் நல்ல பாயை விரித்து மசினாவை அதில் உட்காரவைத்து முதல் தட்டை அவளுக்குக் கொடுத்தாள். அந்த ஊரில் பெரியவர்கள் சாப்பிட்டு முடியும்வரை பிள்ளைகள் விசிறிக்கொண்டு நிற்பார்கள். வருஷத்தில் ஒரே ஒரு நாள், வெள்ளை ஞாயிறன்று மட்டும், பிள்ளைகள் வெள்ளை உடுத்திக் கோவிலில் வசனம் சொல்லிவிட்டு வருவார்கள். பெரியவர்கள் பரிமாற, முதலில் சாப்பிடுவார்கள். வெள்ளை ஞாயிற்றுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மசினாவின் தொண்டையில் கிழங்கு இறங்கவில்லை. அப்பா பசியோடு விசிறிக்கொண்டிருக்கும்போது யாருக்குத்தான் இறங்கும்?

ஊர் சும்மா இருக்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பார்க்க வருவதுபோல் கூடைகளோடு வந்தது. ஈரப்பலா, ஒரு தகரம் பிஸ்கட், டின் மாட்டிறைச்சி. வந்தவர்கள் மசினாவின் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். இளைத்துவிட்டாள் என்றார்கள். போகும்போது வையோலாவையும் ஒரு பார்வை பார்த்தார்கள். பிரம்பை எங்கே ஒளித்துவைத்திருக்கிறாளோ என்பதுபோல.

மசினாவுக்கு ஒரு சிரிப்பு உண்டு. முதலில் மூக்கில் வரும், அடக்கப் பார்ப்பாள், பிறகு கோழி விரட்டியது மாதிரி வெடித்துக் கிளம்பும். அதற்காகவே கோவிலில் இரண்டு தரம் வெளியே அனுப்பப்பட்டிருக்கிறாள். அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. வையோலா நாட்களை எண்ணினாள். ஐந்து நாளாகக் கேட்கவில்லை.

ஆறாம் நாள் நல்ல மழை. பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. வையோலா விறகை மூடக் கொட்டகைக்குப் போனபோது, மசினா துருவுபலகையில் உட்கார்ந்து, ஏற்கெனவே துருவி முடித்த சிரட்டையைத் துருவிக்கொண்டிருந்தாள். சிரட்டைப் பொடிதான் விழுந்தது. முகம் நனைந்திருந்தது. மழைத் தண்ணீர் கொட்டகைக்குள் வராது.

“என்னட்டி இது?”

“ஒண்ணுமில்லம்மா.”

“சொல்லு.”

“நான் என்னம்மா தப்புப் பண்ணேன்? ஏன் யாருமே என்னைத் திட்ட மாட்டேங்கீங்க?”

வையோலா விறகின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நேத்து கிண்ணத்தை ஒடச்சேன். நீ பரவாயில்லன்னு சொல்லுத. அத்தை வந்து என் தலையைத் தடவுதா. அத்தை, ம்மா. எனக்குப் பயமா இருக்கு. சாகப்போறவங்களுக்குத்தான் இப்படியெல்லாம் செய்வாங்க.”

“நீதானடி எழுதுன, ஒண்ணுமே பிடிக்கலைன்னு. எம் மூஞ்சி மாதிரி இருக்கது கூடப் பிடிக்கலைன்னு.”

மசினா மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவை விசித்திரமாகப் பார்த்தாள். “வேற என்னத்தம்மா எழுத? சாரு தலைக்கு மேல நிக்காரு. ஒரு பக்கம் அந்தோனியா இருக்கா, ஒரு பக்கம் பாதிரியார் மக இருக்கா. நான் அழகி, நான் கெட்டிக்காரின்னு எழுதச் சொல்லுதியா? ஊரு காறித் துப்பாது? எல்லாரும் அப்படித்தான் எழுதுனாங்க. எனக்குக் கொஞ்சம் கூடுதலா வெக்கம். முதல் மார்க் வாங்குறவ வேற.” கொஞ்சம் யோசித்து, “ஞாயித்துக்கிழமை முழுப் பன்னியை வச்சிட்டு, எங்க வீட்டுல ஒண்ணுமே இல்ல, மன்னிச்சிக்கிடுங்கன்னு பாதிரியார்ட்ட சொல்லுவேல்ல. அது மாதிரி,” என்றாள்.

“அழுதேன்னு எழுதியிருக்க?”

“சித்தப்பா எழவுக்கு நீயுந்தான் அழுத. அழாம இருந்தா என்ன பிள்ளையாம்?”

மழை கொட்டியது. வையோலா விறகிலிருந்து எழுந்து, “சிரட்டையைத் துருவி யாரு திங்க, ஒங்கப்பனா?” என்றாள். ஏசினாள் என்றே சொல்லலாம். மசினாவின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. ஆனால் டாக்டர் நாளை மறுநாள் வருகிறார். அவரிடம் இதை எப்படிச் சொல்வது? என் மகள் நல்லவள், அடக்கத்தால் இப்படி எழுதினாள் என்று பெற்றவளே சொல்வதா? அதைவிடப் பன்றியைத் தூக்கிக் கோவில் மேடையில் வைத்து, பாருங்கள் எவ்வளவு பெரிய பன்றி என்று கூவலாம்.

வியாழக்கிழமை செமிசியின் காரில் டாக்டர் தெரேசியா வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும். மூன்று வயதில் வெலிங்டன் போய் அங்கேயே வளர்ந்தவர். நல்ல பெண்தான். பாயில் உட்காரும்போது கால் நீட்டக் கூடாது என்பதெல்லாம் தெரிந்திருந்தது. கோப்பு மட்டும் கையை விட்டு இறங்கவில்லை.

வையோலா விடியற்காலையிலேயே கல்லடுப்பு மூட்டியிருந்தாள். முழுக் கோழி, சுட்ட மீன், கிழங்கு, இலையில் தேங்காய்ப்பால் பொதிந்து வேகவைத்த பலுசாமி, பன்றித் தொடை. எல்லாவற்றையும் டாக்டர் முன் பரப்பி, தலை தாழ்த்தி, “எங்க வீட்டுல ஒண்ணுமே இல்ல. இந்தக் கேவலமான சாப்பாட்டைப் பொறுத்துக்கிடணும்,” என்றாள்.

டாக்டர் இரக்கத்தோடு எதையோ எழுதினார்.

மசினாவிடம் அவர் கேட்டதற்கெல்லாம் பதில் பாயைப் பார்த்தபடி வந்தது. தெரியல. அப்படி ஒண்ணுமில்ல. சும்மா இருக்கேன். டாக்டர் வையோலா பக்கம் திரும்பினார்.

“ஒங்க மகள்கிட்ட ஒங்களுக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னு சொல்லுங்க.”

வையோலாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சூறாவளியில் கூரை பறந்தபோது அண்டை வீட்டுக் கைக்குழந்தையை வயிற்றில் கட்டிக்கொண்டு கோவிலுக்கு ஓடியவள் இவள் என்று. ஊரில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பவள் இவள் என்று. இரண்டு பக்கத்து வீட்டாரும் செவியைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். செமிசி கோழிக்காலோடு காத்திருந்தார்.

“இவகிட்ட என்ன இருக்கு,” என்றாள் வையோலா. “ஒண்ணுக்கும் ஆகாதவ. சோம்பேறி.” சொல்லும்போது பெருமை தாங்காமல் அவள் முகம் பூரித்திருந்தது. ஆனால் டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். நாலு மணிக் கப்பலில் மசினாவைக் கூட்டிப்போவதாக டாக்டர் மென்மையாகச் சொன்னார். இது யாருடைய தவறும் அல்ல என்றார். அப்படியென்றால் தன் தவறு என்று வையோலா புரிந்துகொண்டாள். இரண்டு சட்டை, வெள்ளை ஞாயிற்றுக்குத் தைத்த வெள்ளை உடுப்பு, ஒரு பொட்டலம் கோக்கோ. மூட்டையைக் கட்டினாள். முடிச்சு மூன்று தரம் அவிழ்ந்தது.

செமிசியின் கார் கிளம்பவில்லை. அந்தக் கார் பெரும்பாலும் தலைமையாசிரியர் வீட்டு முன்னால் நிற்பதற்காக வாங்கப்பட்டது. ஒரே நாளில் இரண்டு பயணம் அதற்குப் பழக்கமில்லை. ஆகவே எல்லோரும் இசாக்கோவின் பஸ்ஸில் ஏறினார்கள். தன் மகளைத் தானே ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவர வேண்டும் என்பது இசாக்கோவின் தலையில் விழுந்தது. அவன் பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டான். பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கு அதிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

மர பெஞ்சு எல்லாம் நிறைந்திருந்தது. அந்த பஸ்ஸில் இடமில்லை என்று யாரும் யாரையும் நிறுத்தியதில்லை. ஒருவர் எழுவார், வந்தவரை உட்காரவைத்து அவர் மடியில் தான் உட்காருவார், அல்லது தன் மடியைத் தட்டிக் காட்டுவார். மசினா, மீன்காரர் பக்கத்திலிருந்த அவர் மனைவியின் மடியில் போய் உட்கார்ந்தாள். செமிசி முன்னால் டிரைவர் பக்கத்து இடத்தை எடுத்துக்கொண்டார். டாக்டர் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி நடுவில் நின்றார். ஃபாலுவா கப்பல் வரைக்கும் வருவேன் என்று ஏறியிருந்தாள். தன் மடியைப் பொத்தென்று தட்டினாள்.

“நிக்கலாம், பரவாயில்ல,” என்றார் டாக்டர்.

இசாக்கோ பிரேக்கை விட்டான். டாக்டர் உட்கார்ந்தார். மெத்தை மாதிரி அமிழ்ந்தார். ஃபாலுவா ஒரு கையால் அவரைச் சுற்றி வளைத்துப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள்.

“இவங்க யாரு?” என்று மீன்காரர் மனைவி வையோலாவிடம் கேட்டாள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் வையோலாவுக்கு ஒரு தடையும் இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். “பெரிய டாக்டரு. வெலிங்டன்ல படிச்சவங்க. இந்தச் சின்ன வயசுல எவ்வளவு அறிவு தெரியுமா? எவ்வளவு பதவிசு. எங்க வீட்டுப் பாயில எவ்வளவு அழகா உக்காந்தாங்க. இவங்களப் பெத்தவ குடுத்துவச்சவ,” என்றாள். மகளைக் கூட்டிப்போகிறவரைப் பற்றிய பேச்சுதான். ஆனால் சொன்னது மனதார.

டாக்டர் கூச்சத்தில் நெளிந்தார். “அய்யோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நான் என்ன, ஏதோ படிச்சேன். ஏதோ பாஸாச்சு.”

ஃபாலுவாவின் விசிறி நின்றது.

“மக்கா,” என்றாள் டாக்டரின் காதருகே. “ஒங்கம்மாவுக்கு எந்த ஊரு?”

“ஃபலேலுப்போ.”

“நம்ம மேற்குப் பக்கந்தான். நீ டாக்டரானப்ப ஒங்கம்மா என்ன சொன்னா?”

“பட்டமளிப்புக்கு நாப்பது பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. கழுத்துல மூக்கு வரைக்கும் மாலை. எல்லார்கிட்டயும், இவ எப்படிப் பாஸானான்னே தெரியலன்னு சொல்லிட்டிருந்தாங்க.”

“அந்தத் தாளைக் குடு.”

கொடுக்காமல் இருக்க வழியில்லை. டாக்டர் உட்கார்ந்திருந்த இடம் அப்படி. ஃபாலுவா தாளை எட்டப் பிடித்து, சங்கக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்கும் குரலில், பஸ் முழுக்கக் கேட்க வாசித்தாள். “முதல் கேள்வி. நான் கெட்டிக்காரி. உண்டா, இல்லையா?”

பஸ் திரும்பிப் பார்த்தது. முன்பின் தெரியாத நாற்பது முகங்கள், கோழி ஒன்று, ஒரு பன்றிக்குட்டி.

“நான் பாக்க லட்சணமா இருக்கேன். உண்டா, இல்லையா? சத்தமாச் சொல்லு மக்கா, பின்னால கேக்கல.”

டாக்டரின் காது மடல் சிவந்தது. தலை தானாகக் குனிந்தது. பார்வை பஸ்ஸின் தரையில் கிடந்த ஒரு கிழங்கின் மேல் நின்றது. காலையில் பாயைப் பார்த்துக்கொண்டிருந்த மசினாவின் அதே கழுத்து, அதே வளைவு. எதிரே உட்கார்ந்திருந்த வையோலா அதைக் கவனித்தாள்.

அந்த மௌனத்தைப் பொறுக்காமல் செமிசி முன்னாலிருந்து திரும்பி, “எனக்கு நாற்பதுக்கு நாற்பது. நான் கெட்டிக்காரன் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. தோற்றத்திலும்தான்,” என்றார்.

கோவிலில் ஜெபத்தின் நடுவே யாராவது காற்றுவிட்டால் மற்றவர்கள் எப்படி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்களோ, அப்படி பஸ் முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. நல்ல கடல் தெரிந்தது. டாக்டரும் பார்த்தார். பிறகு செமிசியைப் பார்த்தார். மெல்போர்ன் தாளில் முழு மார்க் வாங்கிய ஒருவரை நேரில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தரம்.

“இது எங்கம்மா குணம்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்,” என்றார் தனக்குள் சொல்வதுபோல். வெலிங்டனில் ஒரே வீட்டில் வளர்ந்தவருக்கு, அது ஒரு ஊரே பழகிய குணம் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

“இவளைப் பத்தி இவகிட்டயே கேட்டா எப்படித் தெரியும்?” என்றாள் ஃபாலுவா. “பெத்தவட்ட கேட்டாலும் தெரியாது. பஸ்ஸைக் கேளு. நான் வாசிக்கேன். நீ எழுது. மசினா கெட்டிக்காரியா?”

எந்த மசினா என்று யாரும் கேட்கவில்லை. எம் பயலுக்குக் கணக்கு வந்தது இவளாலதான், மரமண்டைக்கே ஏத்திட்டா என்றார் ஒருவர். ஆக்லாந்துக்கு நான் போடுற காயிதமெல்லாம் இவ எழுதுனது, என் மவன் அதை வாசிச்சிட்டு அழுதானாம், நான் சொன்னதுல அழ ஒண்ணுமே இல்ல என்றார் மீன்காரர். இடுப்பில் பிள்ளையோடு இருந்த ஒருத்தி, குழந்தை இப்போது நடக்கிறது, அன்றைக்குச் சூறாவளியில் மசினா வயிற்றோடு கட்டிக்கொண்டு ஓடியது இதைத்தான் என்று தூக்கிக் காட்டினாள். லட்சணமா என்றதற்கு, யார் மடியில் இருந்தாளோ அந்த அம்மாள், கனம்தான் கொஞ்சம் ஜாஸ்தி, மற்றபடி குறையில்லை என்றாள். தனக்கென்று ஓர் இடம் உண்டா என்றதற்கு பஸ்ஸே யோசித்தது; எங்க வேணா உக்காரலாமே, எதுக்கு ஒரு இடம் என்று முடிவுசெய்தது. டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தார். பிறகு ஆம் என்று போட்டார்.

மசினா முகத்தை மூட்டையில் புதைத்துக்கொண்டிருந்தாள். வையோலா கல்லாக உட்கார்ந்திருந்தாள். மகளைப் பற்றி யாராவது நல்லது சொன்னால் தாயார் கேளாதவள் மாதிரி இருக்க வேண்டும். இருந்தாள். கண்ணிலிருந்து மட்டும் வழிந்தது.

“முப்பத்தொம்பது,” என்றாள் ஃபாலுவா. “கடைசிக் கேள்வி. இவளுக்கு ஏதாவது ஒரு கலை நல்லா வருமா? பாட்டு, கூத்து. எப்படிப் பாடுவா?”

ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பொய் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, மெய் சொல்லவும் வரவில்லை. கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அதிகம் பேசாத இசாக்கோ சொன்னான்: “போன ஈஸ்டருக்கு இவ மேல்ஸ்தாயி எடுத்தா. வெளிய கட்டியிருந்த பன்னி கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிருச்சு.”

முதலில் மூக்கில்தான் வந்தது. மூட்டைக்குள்ளிருந்து வந்தது. அடக்கப் பார்த்தாள். மீன்காரர் மனைவியின் மடி குலுங்கியது. பிறகு கோழி விரட்டியது மாதிரி வெடித்துக் கிளம்பி பஸ்ஸின் மரக்கூண்டு முழுக்க ஓடியது. எட்டு நாளுக்குப் பிறகு. பஸ்ஸும் சேர்ந்து சிரித்தது. செமிசி மட்டும், இதில் சிரிக்க என்ன இருக்கிறது, இல்லை என்றல்லவா மார்க் போய்விட்டது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தது. டாக்டர் ஃபாலுவாவின் மடியிலிருந்து எழ இரண்டு பேர் கைகொடுத்தார்கள். மசினாவும் மூட்டையோடு இறங்கி நின்றாள். சிரிப்பு போய்விட்டது. டாக்டர் அவளைப் பார்த்தார், வையோலாவைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார்.

“கடைசியா ஒண்ணே ஒண்ணு கேக்கேன்,” என்றார். ஏழு மைலில் பேச்சு மாறிவிட்டிருந்தது. “நீ சந்தோஷமா இருக்கியா?”

மசினா தரையைப் பார்த்தாள். “ஏதோ இருக்கேன்,” என்றாள்.

டாக்டர் கோப்பைத் திறந்து, காலையில் எழுதியதைக் குறுக்காக அடித்து, இந்தக் கேள்வியைத் தானே எழுதி, அதற்கு நேரே முழு மார்க் போட்டார். மூட்டையை வாங்கி வையோலாவின் கையில் கொடுத்தார். அந்தக் கோக்கோப் பொட்டலத்தை மட்டும் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வெலிங்டனில் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும்.

“அது கருகுன கோக்கோ. நல்லாவே இருக்காது,” என்றாள் வையோலா. பொட்டலத்தை எடுக்க மசினா துறைமுகத் திண்டில் வைத்ததும் மூட்டை மறுபடி அவிழ்ந்தது. டாக்டர் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கப்பலுக்குப் போனார்.

திரும்பும்போது பஸ் பாதி காலி. இசாக்கோ பாட்டுப் பெட்டியைப் போட்டான். ஆளுக்கொரு பெஞ்சு இருந்தும் மசினா அம்மாவின் மடியில் வந்து உட்கார்ந்தாள். கனம்தான். வையோலாவின் தொடை மரத்துப்போனது. அவள் இறங்கச் சொல்லவில்லை. இரண்டு ஊர் தாண்டிய பிறகுதான் மசினா அம்மாவின் கையைத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “ம்மா. வெள்ளை உடுப்பைத் துறைமுகத் திண்டுல வச்சிட்டேன்னு நெனக்கேன். மூட்டை அவுந்துச்சுல்ல, அப்ப.”

வையோலா ஒரு நிமிஷம் மூச்சை இழுத்தாள். எட்டு நாள் சேர்த்துவைத்ததெல்லாம் நெஞ்சில் திரண்டு நின்றது.

“புத்தி இருக்காட்டி ஒனக்கு? மூணு நாளு கண்ணு அவிய உக்காந்து தச்சேன். ஞாயித்துக்கிழமை என்னத்த உடுப்ப, ஒங்கப்பன் சட்டையையா? தலை எங்க இருக்கு, கை எங்க இருக்குன்னு தெரியாம ஒரு பிள்ள. வீட்டுக்கு வா. ரெண்டு தேங்காயும் நீதான் துருவுத. பன்னிக்குத் தண்ணி யாரு காட்டுனா இன்னைக்கு? யாரு காட்டுனா, சொல்லு.”

ஏசிக்கொண்டே வந்தாள். இசாக்கோ துறைமுகத்துக்கு வண்டியைத் திருப்பினான். உடுப்பு திண்டிலேயே கிடந்தது. அவள் அதற்கும் ஏசினாள். மசினா அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.